சர்வதேச சபைக்குக் காப்புக் கட்டிய கதை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பருத்தி மண்டிக்கு மேலே இருந்த மாடி அறையில், உலகத்துச் சிறுபான்மை மக்களின் உரிமைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை காப்பாற்றப்பட்டு வந்தன. ஏழு மணிக்கு மண்டிக்காரர் கதவைப் பூட்டிவிடுவார். அதற்குமேல் அந்த மக்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சபையின் முழுப்பெயர் 'சேலம் ஜில்லா சர்வதேச நியாய, சுயநிர்ணய, சிறுபான்மையோர் உரிமை ஆராய்ச்சி சபை'. பெயர் எழுத வந்தவருக்குப் பலகை பாதியிலேயே தீர்ந்துபோய், 'சர்வதேச நியாய, சுயநிர்ண' என்பதோடு நிறுத்திவிட்டார். இன்னொரு பலகை வாங்கலாமா என்று யோசிக்க ஓர் உபகமிட்டி போட்டார்கள். இந்தக் கதை நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் வரைக்கும் அந்த உபகமிட்டி யோசித்துக்கொண்டுதான் இருந்தது.

தலைவர் ஓய்வுபெற்ற ஜில்லா முன்சீப். முப்பது வருஷம் வாய்தா கொடுத்தே பழகியவர். அவருக்குப் பசித்தால்கூட வயிற்றுக்கு இரண்டு மணிக்கு வாய்தா போடுவார் என்று கோர்ட்டு குமாஸ்தாக்கள் சொல்வார்கள். உபதலைவர் ஒரு சரித்திரப் பேராசிரியர். எதைக் கேட்டாலும் "இதில் இரண்டு கருத்து உண்டு" என்று ஆரம்பித்து நாலாவது கருத்தில் தூங்கிப்போவார். காரியதரிசிதான் நம் வக்கீல் சென்னியப்பன்.

சென்னியப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாமக்கல் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. முப்பத்தொரு வயசு. பி.ஏ., பி.எல். படித்துவிட்டு வந்து சேலத்தில் அறை எடுத்து, கறுப்புக் கோட்டு மாட்டி, நாலு வருஷமாகக் கட்சிக்காரருக்குக் காத்திருந்தான். வாதாட இடமில்லாதவனுக்கு உலகமே இடமாகிவிட்டது. ஜெனீவாவில் கூடும் சர்வதேச சங்கத்தின் வெளியீடுகளைத் தபாலில் வரவழைத்துப் படித்தான். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே ஆலந்து என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது, அந்த ஜனங்கள் எந்த நாட்டோடு சேர வேண்டும் என்று பெரிய வழக்கு நடந்தது, அதைப் பற்றி நூற்று நாற்பது பக்கம் எழுதினான். கடலை அவன் சட்டம் படித்த காலத்தில் கரையில் நின்று பார்த்ததோடு சரி. தீவு என்று அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காவேரியில் தண்ணீர் வற்றினால் மோகனூர்ப் பக்கம் தெரிகிற மணல் திட்டுகள்தான். அதனால் என்ன? தலைவர் அந்த நூற்று நாற்பது பக்கத்தையும் கையில் நிறுத்துப் பார்த்து, "கனமான ஆராய்ச்சி" என்று பாராட்டினார்.

இப்படி இருக்கையில், ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் படியேறி வந்தாள் பாவாயி.

ஐம்பது வயசு இருக்கும். பதினாறு மைல் நடந்து வந்த கால். கீழே மண்டியில் மூட்டை தூக்குகிற அவள் தம்பி சொல்லி அனுப்பியிருக்கிறான். கதவோரம் நின்றுகொண்டு கேட்டாள்:

"ஏனுங்க சாமி, எந்த ஊருக்கும் சேராதவங்களுக்கு எழுதிக் குடுக்கறவங்க நீங்கதானுங்களா?"

சென்னியப்பனுக்குப் புல்லரித்துவிட்டது. உட்காரச் சொல்லி விவரம் கேட்டான்.

வெண்ணந்தூருக்குத் தெற்கே நடுக்காடு என்று பதினோரு வீடு. எல்லாம் கூலிக் குடும்பங்கள். கிழக்கே ஆலாம்பட்டி, மேற்கே கருங்காட்டூர். சர்வே செய்தவர் கோடு போட்ட அன்றைக்கு வெயில் அதிகமோ என்னவோ, இரண்டு ஊருக்கும் நடுவே போகிற கோடு நடுக்காட்டுக்கிட்ட வந்ததும் மங்கிப்போயிற்று. ஆலாம்பட்டிப் பொதுக்கிணற்றுக்குப் போனால், "எந்த ஊரு? கருங்காட்டூரா? அங்கே போ" என்பார்கள். கருங்காட்டூருக்குப் போனால், "எந்த ஊரு? ஆலாம்பட்டியா? அங்கே போ" என்பார்கள். உண்மைக் காரணம் வேறு என்பது கிணற்றுக்கும் தெரியும். ஆனால் கோட்டைக் காட்டிச் சொன்னால் அது சட்டம் ஆகிவிடுகிறது அல்லவா? நடுக்காட்டிலேயே ஒரு பழைய கிணறு உண்டு. தூர்ந்து கிடக்கிறது. ஆண்கள் சேர்ந்து தூரெடுக்கப் போனார்கள். இரண்டு ஊர் மணியக்காரர்களும் ஓடிவந்து, உத்தரவில்லாமல் புறம்போக்கில் கை வைக்கக் கூடாது என்று கடப்பாரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

"தண்ணி கேட்டா நீ எங்க ஊரில்லைங்கறாங்க. மண்ணெடுத்தா எங்க மண்ணுங்கறாங்க," என்றாள் பாவாயி. "தாலூக்கா கச்சேரிக்கு ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க சாமி. தூரெடுக்க உத்தரவு வேணும்னு. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

அப்போது சென்னியப்பன் சட்டைப்பையில் பேனா இருந்தது. மேஜைமேல் காகிதம் இருந்தது. மையும் இருந்தது. இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னியப்பன் ஆயுசுக்கும் ஞாபகம் வைத்திருந்தான்.

ஆனால் அந்த நிமிஷத்தில் அவன் கண்ணுக்குப் பாவாயி தெரியவில்லை. ஆலந்துத் தீவே படியேறி வந்து உட்கார்ந்திருந்தது. இதை நாலு வரியில் அடக்குவதா? அவளை அப்படியே சபைமுன் நிறுத்தினான்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, முதலில் ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் சிறுபான்மையா?"

"நாங்க நடுக்காடுங்க."

பேராசிரியர் குறுக்கிட்டார். "இதில் இரண்டு கருத்து உண்டு. சிறுபான்மை என்றால் இனத்தாலோ, மதத்தாலோ, பாஷையாலோ வேறுபட்டிருக்க வேண்டும். உங்கள் பாஷை வேறா?"

"அதே பாசைதானுங்க. அதுலதான் அவங்க எங்களை வையறாங்க."

"சாமி வேறா?"

"அதே மாரியாத்தாதானுங்க. கும்புடத்தான் உள்ள உட மாட்டாங்க."

"அப்படியானால் வேறுபாடே இல்லை," என்றார் பேராசிரியர் திருப்தியாக. "வேறுபாடு இல்லாத இடத்தில் கொடுமை மட்டும் எப்படி இருக்கும்?"

தலைவர் அவளுடைய புகாரை முழுசாகச் சொல்லச் சொன்னார். பாவாயி சொன்னாள். ஆலாம்பட்டி மணியக்காரரைப் பற்றிச் சொல்லும்போது நடுவே ஒரு வார்த்தை வந்துவிட்டது. ரொம்பப் பெரிய வார்த்தை இல்லை, காட்டுமேட்டில் மாட்டைக்கூட அப்படிச் சொல்வதுண்டு. தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஜெனீவா விதிப்படி மகஜரில் கடுமையான பாஷை இருக்கக் கூடாது. இருந்தால் அது ஏற்கத்தக்கதல்ல. நாகரிகமான வார்த்தைகளில் அம்மா யோசித்துக்கொண்டு வரட்டும். கார்த்திகைக்கு வாய்தா."

கார்த்திகையில் வந்தாள். தலைவருக்குக் கீல்வாதம், கூட்டம் நடக்கவில்லை. மார்கழியில் வந்தாள். 'நடுக்காடு ஒரு ஜனசமூகமா, வெறும் பதினோரு வீடா?' என்று பேராசிரியர் கட்டுரை வாசித்தார். அவள் இரண்டு மணி நேரம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நாலு வரிங்க சாமி" என்றாள். சென்னியப்பனும் சும்மா இல்லை. 'நடுக்காட்டுப் பிரச்னை: பூர்வாங்கக் குறிப்புகள்' என்று எழுத ஆரம்பித்து, தை முடிவதற்குள் எண்பத்தேழு பக்கம் வந்திருந்தான். இன்னும் பாவாயி வரவில்லை, நடுக்காடே வரவில்லை. வியன்னா மாநாட்டில்தான் நின்றுகொண்டிருந்தான்.

மாசியில் அவள் வந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"எருமையை வித்துப்போட்டனுங்க சாமி. ஓடை ஊத்துலருந்து ஒன்றரை மைலு தண்ணி தூக்கியாறோம். மனுசருக்கே பத்தலை. அது ராத்திரியெல்லாம் கத்துது. கேக்க முடியலைங்க."

சென்னியப்பன் நல்லவன்தான். மனசு சங்கடப்பட்டது. சங்கடத்தோடு பேனாவை எடுத்து, எண்பத்தேழாம் பக்கத்தின் அடியில் 'கால்நடை இழப்பு: ஒன்று' என்று ஒரு குறிப்பு எழுதினான்.

இந்தக் குறிப்பு சபையை உலுக்கிவிட்டது. தலைவர் எழுந்து நின்று பேசினார். "கனவான்களே! ஆராய்ச்சி போதும். இனிச் செயல்! ஐரோப்பாவில் மேல் சிலேசியாவில் என்ன செய்தார்கள்? ஜனங்களையே கேட்டார்கள். நாமும் நேரில் போய்ச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்துவோம். ஆலாம்பட்டியா, கருங்காட்டூரா? ஜனங்களே தங்கள் தலைவிதியைத் தீர்மானித்துக்கொள்ளட்டும். முடிவை நாம் புத்தகமாக வெளியிடுவோம். கிணறு விஷயம் அனுபந்தத்தில் வரும்."

பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் சின்னானின் மாட்டு வண்டியில் புறப்பட்டார்கள். தலைவருக்கு ஒரு பெரிய தகர டின் நிறைய பிஸ்கோத்து. ஒரு பெட்டி சோடா. பச்சைச் சீட்டு ஆலாம்பட்டிக்கு, சிவப்புச் சீட்டு கருங்காட்டூருக்கு என்று இரண்டு கட்டு. பிஸ்கோத்து தீர்ந்ததும் அந்த டின்னே வாக்குப்பெட்டி ஆகும் என்பது பேராசிரியரின் யோசனை. வழியெல்லாம் அவர் அதற்காகப் பாடுபட்டார்.

நடுக்காட்டை அடைந்தபோது பொழுது சாயும் நேரம். ஊரே ஒரு சின்ன மாரியம்மன் மேடைமுன் கூடியிருந்தது. தப்பட்டை அதிர்ந்தது. வெளியூரில் கல் உடைக்கிற, காடு கொத்துகிற ஆண்களெல்லாம் வந்திருந்தார்கள். மூன்று கிளையாகப் பிரிந்த வேப்பமரம் ஒன்றை வெட்டி வந்து மேடைமுன் கம்பமாக நட்டுக்கொண்டிருந்தார்கள். பூசாரி காளியப்பன் தட்டில் மஞ்சள் துணியோடு வந்து தலைவர்முன் நின்றார். தலைவர் தம் வலது கையை நீட்டினார். ஜில்லா முன்சீப்பாக இருந்த காலத்தில் போகிற ஊரிலெல்லாம் மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிப் பழகிய கை அது, தானாக நீளும். பூசாரி அதில் மஞ்சளைக் கட்டினார். பேராசிரியருக்கும் கட்டினார். வண்டிக்காரச் சின்னானுக்கும் கட்டினார்.

"வரவேற்பு ரொம்ப உருக்கமாக இருக்கிறது," என்றார் தலைவர்.

அது வரவேற்பு அல்ல என்று சென்னியப்பனுக்குத் தெரியும். பிறந்து வளர்ந்த பக்கத்து வழக்கம், தெரியாமல் என்ன? கம்பம் நட்டுக் காப்புக் கட்டிக்கொண்டவர், அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றி, எட்டாம் நாள் கம்பத்தைப் பிடுங்கித் தண்ணீரில் விடுகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆத்தா சும்மா விடமாட்டாள். தெரிந்தும், தலைவர் பேசும்போது காரியதரிசி குறுக்கே பேசுவது சபை விதிகளுக்கு விரோதம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். பூசாரி அவனிடம் வந்தார். அவனும் கையை நீட்டினான். வேறென்ன செய்வது, கூட்டத்தில் தான் மட்டும் தனியாக நிற்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

இத்தனை வருஷமாக ஆலாம்பட்டிக் கம்பத்துக்கும் தண்ணீர் ஊற்ற விடவில்லை, கருங்காட்டூர்க் கம்பத்துக்கும் விடவில்லை என்பதால் நடுக்காட்டார் இந்த வருஷம் தங்களுக்கென்று தனிக்கம்பம் நட்டிருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. பேராசிரியர் அதைக் குறித்துக்கொள்ளவும் இல்லை.

பொழுது இறங்குவதற்குள் வெண்ணந்தூர் சத்திரத்துக்குப் போய்விட வேண்டும் என்று தலைவர் வண்டியைப் பூட்டச் சொன்னார். சின்னான் மணிக்கட்டைக் காட்டினான்.

"கம்பம் புடுங்காம நான் வண்டி பூட்ட மாட்டனுங்க சாமி. எனக்குப் புள்ளைகுட்டி இருக்குதுங்க."

தலைவருக்குக் கோபம் வந்தது. சம்மதம் இல்லாமல் கட்டப்பட்ட கயிறு யாரையும் பந்தப்படுத்தாது என்று கால் மணி நேரம் சட்டம் பேசினார். மாடுகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்து போகலாம் என்றால் கீல்வாதம். ஆகக் கடைசியில் சர்வதேச சபை நடுக்காட்டில் எட்டு நாள் தங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

இரண்டாம் நாள் பிஸ்கோத்து தீர்ந்தது. சோடாவும் தீர்ந்தது. விடிவதற்கு முன்னால் தப்பட்டை அடித்தார்கள். கம்பங்களி வந்தது, காபி வரவில்லை. சுற்றிலும் நாற்பது பேர் ஒரு மாதிரி, தாங்கள் மூன்று பேர் வேறு மாதிரி என்று தலைவருக்கு மெதுவாக உறைத்தது. உடனே சென்னியப்பனைக் கூப்பிட்டு ஒரு மகஜர் எழுதச் சொன்னார். வேண்டியது: விடியற்காலைத் தப்பட்டையிலிருந்து விலக்கு, தலைவருக்குக் கயிற்றுக் கட்டில், குளிக்க வெந்நீர், மூன்று பேரும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்ளும் உரிமை. ஆறு பக்கம் வந்தது. சென்னியப்பன் அதை மேடைமுன் நின்று வாசித்தான். பாவாயி கடைசிவரை கேட்டாள்.

"கட்டல் வேணும்ங்கறீங்க. அவ்வளவுதானுங்களா?"

கட்டில் அப்போதே வந்தது. தப்பட்டையை அடுத்த நாளிலிருந்து கோயிலுக்கு அந்தப் பக்கம் நின்று அடித்தார்கள். "என்ன பாசையில வேணாப் பேசிக்குங்க, நாங்க கேட்டுக்க மாட்டம்" என்றும் சொல்லிவிட்டாள். வெந்நீருக்குத்தான் தயங்கினாள். "தண்ணிதான் பாத்துப் பாத்து ஊத்தணுமுங்க. கம்பத்துக்கு வேற தினம் ஊத்தோணும்." ஆனாலும் ஒரு குடம் வந்தது. தலைவர் அதில் குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, சிறுபான்மையோரை நடத்தும் முறையில் நடுக்காட்டில் இன்னும் குறைபாடுகள் இருப்பதாகச் சொன்னார்.

அந்தக் குடத்தைத் தூக்கி வந்த தூரத்தைச் சென்னியப்பன் மறுநாள் காலை அளந்தான். அவனும் ஒரு குடம் எடுத்துக்கொண்டு, எல்லைக்குள்ளேயே இருக்கிற அந்த ஓடைக்குப் பெண்களோடு போனான். மணலைத் தோண்டி, ஊறுவதற்குக் காத்திருந்து, சிரட்டையில் மொண்டு நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். தோள் வலித்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. இந்தத் தூரத்தை அவள் ஐந்து மாதம் தினமும் நடந்திருக்கிறாள். நடுவே பதினாறு மைல் சேலத்துக்கும் நடந்திருக்கிறாள், தன்னிடம் நாலு வரி கேட்டு. அவன் திரும்பி வந்ததும் காகிதம் எடுத்து, தாலூக்கா கச்சேரிக்கு அவள் கேட்ட மகஜரை எழுதினான். நாலு வரிகூட வரவில்லை, மூன்றே வரி. ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எல்லையைத் தாண்ட வேண்டும். காப்புக் கட்டிய கையால் எப்படித் தாண்டுவது?

பாவாயி அந்தக் காகிதத்தை வாங்கி, பத்திரமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இருக்கட்டுமுங்க சாமி. இப்ப வேற வழி தெரியுதுங்க," என்றாள்.

அன்று மத்தியானமே நடுக்காட்டு ஆண்கள் பழைய கிணற்றில் இறங்கினார்கள். வெளியூர் வேலைக்குப் போகவும் முடியாது, பதினைந்து ஆண்கள் ஊரோடு இருக்கிறார்கள், கம்பத்துக்குத் தண்ணீர் வேண்டும், எட்டாம் நாள் அதை விடுவதற்கும் தண்ணீர் வேண்டும். கடப்பாரை போனால் போகட்டும், மண்வெட்டி இருந்தது, களைக்கொத்து இருந்தது. மண் அள்ளக் கூடை போதவில்லை. சபையின் வாக்குப்பெட்டியான பிஸ்கோத்து டின் சும்மாதான் கிடந்தது. காலையில் வாக்கெடுப்பு ஆரம்பித்தபோது பாவாயிதான் முதலில் வந்தாள். இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டும் வேண்டாம்னா எந்தச் சீட்டுங்க?" என்று கேட்டாள். அப்படி ஒரு சீட்டு மேல் சிலேசியாவிலேயே இல்லாததால் வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. டின் கிணற்றுக்குள் போயிற்று.

சத்தம் கேட்டு ஆலாம்பட்டி மணியக்காரர் சென்னிமலை ஓடிவந்தார். வந்தவர் கிழக்கே தம் ஊர் எல்லைப் பனைமரத்துக்கிட்ட, கயிறு கட்டி இழுத்ததுபோல் நின்றுவிட்டார். அவர் கையிலும் மஞ்சள் இருந்தது. ஆலாம்பட்டியிலும் அதே செவ்வாய்தான் கம்பம் நட்டிருந்தார்கள்.

"டேய், நிறுத்துங்கடா! உத்தரவில்லாம எவன்டா மண்ணெடுக்கறது?"

பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உள்ளார வந்து நிறுத்துங்க சாமி."

மணியக்காரர் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே பின்னால் வைத்தார்.

"வாங்க சாமி," என்றாள் பாவாயி மரியாதையாகவே. "இது ஆலாம்பட்டியா இருந்தா நீங்க தாராளமா வரலாமுங்க. காப்பு ஒண்ணும் பண்ணாது. ஆனா ஆலாம்பட்டின்னா நாளைக்குப் பொழுது விடிஞ்சா நாங்க பதினோரு ஊட்டுக்காரங்களும் உங்க பொதுக்கெணத்துக்குக் கொடத்தோட வாரமுங்க. ஆலாம்பட்டி இல்லீன்னா, நீங்க எல்லை தாண்டுனதா ஆவுமுங்க. ஆத்தா பாத்துட்டிருக்கறா."

சென்னியப்பன் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. எல்லை எது, அதிகாரம் யாருக்கு, அதிகாரம் உள்ளவனுக்குக் கடமை என்ன. எண்பத்தேழு பக்கத்தில் அவன் வியன்னாவைத் தாண்டாமல் தேடிக்கொண்டிருந்த விஷயம் அத்தனையும் அந்தப் பனைமரத்தடியில் நடந்துகொண்டிருந்தது.

மணியக்காரர் தெளிந்து, மேற்கே பார்த்துச் சத்தம் போட்டார். அங்கே கருங்காட்டூர் மணியக்காரர் பெரியசாமி தம் எல்லைக்கல்மேல் ஏறி நின்றிருந்தார். அவர் கையிலும் மஞ்சள்.

"ஏனுங்க பெரியசாமி! இது உங்க எல்லைதானுங்களே, போய் நிறுத்துங்க!"

"எங்க எல்லையா? எந்தக் காலத்துல? உங்க எல்லைங்க அது! நீங்க போங்க!"

"உங்களுதுங்க!"

"உங்களுதுதானுங்க!"

நடுவே பதினைந்து பேர் மண் அள்ளிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் சென்னிமலை, "முன்சீப் ஐயா, படிச்சவங்க நீங்க சட்டத்தைச் சொல்லுங்க" என்று கும்பிட்டார். தலைவர் கட்டிலைப் பனைமரம் வரைக்கும் தூக்கிவரச் சொல்லி, அதில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். ரோமாபுரியில் தொடங்கினார். அரசுரிமை, எல்லைத்தகராறு, ஆறு திசை மாறினால் வரும் சிக்கல் என்று பொழுது இறங்கும்வரை சொன்னார். பாதியில் எழுந்து போவது மரியாதையல்ல என்று மணியக்காரர் வெயிலில் நின்றே கேட்டார். அன்றைக்கு மட்டும் கிணறு நாலு முழம் இறங்கியது. சபை ஆரம்பித்த நாள் முதலாகத் தலைவர் பேச்சால் விளைந்த ஒரே நன்மை இது. அவருக்கு அது தெரியாது.

அன்று விளக்கு வைத்ததும் கட்டிலைச் சுற்றி அவசரக்கூட்டம். தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார்: "ஆராய்ச்சியாளர் ஆராயப்படுகிறவர் விவகாரத்தில் தலையிடுவது முறையல்ல. ஆகவே கிணறு விஷயத்தில் சபை நடுநிலை வகிக்கிறது."

"நாம் குடிக்கிற தண்ணீரும் அவர்களுடையதுதானே?" என்றான் சென்னியப்பன். "நானும் இறங்கி மண் அள்ளலாம் என்று நினைக்கிறேன்."

வாக்கெடுத்தார்கள். இரண்டுக்கு ஒன்று.

"என் மாறுபட்ட கருத்தையாவது பதிவு செய்ய வேண்டும். நான் இங்கே சிறுபான்மை," என்றான் அவன்.

தலைவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் அபூர்வமாக ஒரே ஒரு கருத்தோடு இருந்தார். "ஒரே ஆள் சிறுபான்மை ஆகமாட்டார். சிறுபான்மைக்கு ஒரு கூட்டம் வேண்டும். இது சர்வதேச நியாயத்தில் முடிந்துபோன விஷயம்."

"சென்னியப்பன் வெறும் சென்னியப்பன்," என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வருஷமாக ஊர் பேர் தெரியாத ஜனங்களுக்காகப் புத்தகம் புத்தகமாக எழுதினான். கடைசியில் சபை நேரில் பார்த்த முதல் சிறுபான்மை அவன்தான், அதையும் சபை அங்கீகரிக்கவில்லை. அவன் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கட்டில் காலில் மாட்டிவிட்டு, விடிந்ததும் கிணற்றில் இறங்கினான்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் நாள் அவனால் உபத்திரவம்தான். மண்வெட்டியைப் பேனா மாதிரி பிடித்தான். அவன் அள்ளியதில் பாதி அவன் தலையிலேயே விழுந்தது. "வக்கீலு சாமி, நீங்க டின்னை மட்டும் கைமாத்தி உடுங்க" என்று அவனைப் படிக்கட்டில் நிறுத்தினார்கள். நாலு நாள் பிஸ்கோத்து டின்னைக் கைமாற்றினான். தகர விளிம்பு இரண்டு கையையும் கொப்புளமாக்கிவிட்டது. இரண்டு மணியக்காரர்களும் தினமும் வந்து, அவரவர் எல்லையில் நின்று, மாறி மாறி நடுக்காட்டை அடுத்தவருக்குத் தானம் செய்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் நாள் காலையில், தென்மேற்கு மூலைப் பாறை இடுக்கில் மண் கறுத்தது. பிறகு பளபளத்தது. கீழே நின்றவர்கள் சத்தம் போடவில்லை. மேலே பெண்கள்தான் குலவையிட்டார்கள். சாயங்காலம் முழங்கால் தண்ணீர் நின்றது. கம்பத்தைப் பிடுங்கி, மேளத்தோடு கொண்டுவந்து, நடுக்காட்டுக் கம்பத்தை நடுக்காட்டுக் கிணற்றிலேயே விட்டார்கள். காப்பை அவிழ்த்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆலாம்பட்டி மணியக்காரர் வெறுங்கையோடு வந்தார். இப்போது அவர் எந்த எல்லையையும் தாண்டலாம். கூட இரண்டு ஆட்கள், கிணற்றை மூடுவதற்கு மண்வெட்டியோடு. விறுவிறுவென்று வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மஞ்சள் பூசிய வேப்பங்கம்பம் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. கம்பம் விட்ட கிணற்றில் ஒரு கூடை மண் போட அந்தச் சீமையில் எவனுக்குத் துணிச்சல் உண்டு? மணியக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

சின்னான் வண்டி பூட்டினான். தலைவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டியிலிருந்தே சொல்ல ஆரம்பித்தார். "காரியதரிசி எழுதிக்கொள்ளட்டும். நடுக்காடு மக்கள் தாங்கள் எந்த ஊர் என்பதைத் தீர்மானிக்கத் தவறிவிட்டார்கள். அரசியல் பக்குவம் போதாது. மேற்கொண்டு ஆராய இரண்டு வருஷம் அவகாசம் தேவை…"

காரியதரிசி எழுதவில்லை. கிணற்றடியில் நின்றான். பதினாறு மைல் வெயிலில் போக வேண்டும், தொண்டை இப்போதே வறண்டிருந்தது. பாவாயி டின்னில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"பாவாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்."

அவள் கயிற்றை நிறுத்தினாள். மேலும் கீழும் அவனைப் பார்த்தாள்.

"நாலு வரி எழுதிக் குடுங்க சாமி," என்றாள். "மாசியில பாத்துச் சொல்றனுங்க."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சென்னியப்பன் கண்ணைத் திருப்பினான். எருமை கட்டியிருந்த இடத்தில் முளைக்குச்சி இன்னும் இருந்தது. அவன் இரண்டு கையையும் விரித்து அவள் முன்னால் நீட்டினான். பேனா பிடிக்கிற விரல்கூடக் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது.

பாவாயி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டின்னைச் சாய்த்தாள். தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது, பிஸ்கோத்து வாசனையும் போகவில்லை. அவன் குனிந்து, உள்ளங்கை எரிய எரிய, மூன்று தரம் வாங்கிக் குடித்தான்.